ஸ்கிரீன்ல நல்லா இருக்கு, பிரிண்ட்ல சொதப்புது: ஒவ்வொரு கோளாறையும் எப்படிக் கண்டுபிடிச்சு சரி பண்றது

போட்டோவை இங்க்ஜெட்ல பிரிண்ட் போட டிபார்ட்மென்ட் பிரிண்ட் ரூமுக்கு வர்றவங்கள்ல முக்காவாசிப் பேர் பண்ற வேலை ஒண்ணு இருக்கு. பிரிண்ட் சரியா வரலன்னதும் நேரா போட்டோஷாப்பைத் திறந்து பிரைட்னஸை ஏத்துவாங்க, சாச்சுரேஷனை இழுப்பாங்க, மறுபடி ஒரு ஷீட் போடுவாங்க, அது வேற மாதிரி சொதப்பும், திரும்ப இழுப்பாங்க. நல்ல காட்டன் பேப்பர் ஒரு ஷீட் என்ன விலைன்னு கையில காசு குடுத்து வாங்கினவங்களுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய நஷ்டம், நல்லா இருந்த ஃபைல் இதுல கெட்டுப்போயிடும், கடைசியில மெஷின் சரியா இருந்தாக்கூட அந்த ஃபைல் தப்பாதான் பிரிண்ட் ஆகும்.

அதனால கோளாறு எங்க இருக்குன்னு தெரியாம ஃபைல்ல கை வைக்காதீங்க. இருக்கிறது நாலே இடம்: உங்க ஃபைல், கலர் ப்ரொஃபைல் (எந்த நம்பருக்கு எந்த நிறம்னு சொல்ற குறிப்பு), டிரைவர் செட்டிங் (பிரிண்டரை ஓட்டுற சாஃப்ட்வேர்ல வைக்கிறது), அப்புறம் மெஷினும் பேப்பரும். இதுல எதுன்னு பிரிச்சுப் பாக்க ஒரு டெஸ்ட் படம் வேணும். கறுப்புல இருந்து வெள்ளை வரைக்கும் ஒரு கிரே பட்டை, ரெண்டு மூணு விதமான தோல் நிறம், நல்ல சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், இதெல்லாம் ஒரே ஏ4-க்குள்ள இருக்கணும். இது நல்லா வந்த ஒரு பிரிண்டைப் பின்னாடி தேதி, பேப்பர், செட்டிங் எழுதி வெளிச்சம் படாம எடுத்து வச்சுக்கோங்க. பிரச்சனைன்னு வந்தா முதல்ல அந்த டெஸ்ட் படத்தை அதே செட்டிங்ல போடுங்க. பழைய பிரிண்ட் மாதிரியே வந்துச்சுன்னா மெஷின், பேப்பர், டிரைவர் எல்லாம் ஓகே, உங்க ஃபைலைப் பாருங்க. டெஸ்ட் படமும் சேர்ந்து சொதப்புச்சுன்னா உங்க ஃபைலைத் தொடவே வேண்டாம்.

இனி ஒவ்வொண்ணா பாக்கலாம்.

பிரிண்ட் மொத்தமா இருட்டா வருது

அதிகமா வர்ற கம்ப்ளெய்ன்ட் இதுதான், பெரும்பாலும் பிரிண்ட்ல தப்பே இருக்காது. லேப்டாப் ஸ்கிரீனை ஃபுல் பிரைட்னஸ்ல வச்சு எடிட் பண்ணியிருப்பீங்க. பிரிண்டுக்காக எடிட் பண்ற மானிட்டர் ஒரு சதுர மீட்டருக்கு 80-ல இருந்து 120 கேண்டலாவுக்குள்ள இருக்கணும், லேப்டாப் ஃபுல்லா வச்சா சாதாரணமா 300-ஐத் தாண்டும். அந்த வெளிச்சத்துல நிழல் பகுதி எல்லாம் பளிச்சுன்னு தெரியும், நீங்களும் போதும்னு விட்டுருவீங்க. பேப்பருக்குன்னு சொந்த வெளிச்சம் கிடையாது, ரூம்ல என்ன லைட் இருக்கோ அதைத் திருப்பிக் குடுக்கும், அவ்ளோதான்.

மானிட்டரை காலிபரேட் பண்ற, அதாவது அளந்து சரி பண்ற கருவி டிபார்ட்மென்ட்ல இருந்தா அதைப் போடுங்க. இல்லன்னா, போட்டோஷாப்ல வெள்ளையா ஒரு காலி டாக்குமென்ட் திறங்க, நீங்க பிரிண்ட் பண்ணப்போற அதே பேப்பர் ஒண்ணை ஸ்கிரீன் பக்கத்துல நல்ல வெளிச்சத்துல பிடிங்க, ரெண்டு வெள்ளையும் ஏறக்குறைய ஒரே அளவு தெரியிற வரைக்கும் ஸ்கிரீன் பிரைட்னஸைக் குறைங்க. இப்போ உங்க படத்தைத் திறந்து பாருங்க, படமே இருட்டா தெரியும், ஏன்னா அது இருட்டாதான் இருந்திருக்கு. இப்போ எடிட் பண்ணுங்க. நைட் லைட், ட்ரூ டோன் மாதிரி ஸ்கிரீனை மஞ்சளாக்குற ஆப்ஷன் எல்லாம் ஆஃப்ல இருக்கான்னும் பாத்துக்கோங்க.

பிரிண்டை எந்த வெளிச்சத்துல பாக்குறீங்கன்றதும் முக்கியம். காரிடார் டியூப் லைட்டுக்குக் கீழ நின்னு இருட்டா இருக்குன்னு சொல்லாதீங்க, பகல்ல ஜன்னல் பக்கம் நேரடி வெயில் படாத இடத்துல வச்சுப் பாத்துட்டு சொல்லுங்க.

மொத்தமா இருட்டு இல்ல, நிழல் பகுதி மட்டும் ஒரே கறுப்பா அப்பிப்போகுது

இது வேற கேஸ். மேட் பேப்பரால கிளாஸி பேப்பர் அளவுக்கு ஆழமான கறுப்பைக் குடுக்க முடியாது. டென்சிட்டி, அதாவது கறுப்போட ஆழத்தை அளக்குற கணக்குல மேட் காட்டன் பேப்பர் 1.6, 1.7 அந்த வாக்குல நிக்கும், நல்ல பரைட்டா பேப்பர் (பளபளப்பான ஒரு ரகம்) 2.2-க்கு மேல போகும். அதனால உங்க படத்துல (0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளைன்ற கணக்குல) 0-க்கும் 15-க்கும் நடுவுல இருக்கிற கறுப்பு வித்தியாசம் எல்லாம் மேட்ல ஒண்ணா கலந்துடலாம்.

எங்க கலக்குதுன்னு கண்ணால பாக்கணும்னா, 0, 3, 6, 9-னு 30 வரைக்கும் கிரே கட்டங்கள் போட்டு சின்ன ஸ்ட்ரிப் ஒண்ணு பிரிண்ட் பண்ணுங்க. எந்த நம்பர்ல இருந்து பக்கத்துக் கட்டத்தோட வித்தியாசம் தெரியுதோ அதான் அந்தப் பேப்பரோட எல்லை. கர்வ்ஸ்ல நிழல் பகுதியை அந்த நம்பருக்கு மேல தூக்கி விடுங்க, மத்த இடத்துல கை வைக்க வேண்டாம். பிரிண்ட் விண்டோல பிளாக் பாயின்ட் காம்பென்சேஷன் (படத்தோட கறுப்பைப் பேப்பரோட கறுப்புக்குப் பொருத்துற ஆப்ஷன்) டிக் ஆகியிருக்கான்னும் பாருங்க, ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்ல (கலர் மாத்துற ஒரு முறை, பின்னாடி சொல்றேன்) அது ஆஃப்ல இருந்தா நிழல் கண்டிப்பா அடைச்சுக்கும்.

கறுப்பு கறுப்பாவே இல்ல, சாம்பல் பூத்த மாதிரி இருக்கு

மூணு காரணம்தான் வரும். ஒண்ணு, டிரைவர்ல மீடியா டைப் தப்பு. பிக்மென்ட் இங்க் பிரிண்டர்ல போட்டோ பிளாக், மேட் பிளாக்னு ரெண்டு கறுப்பு இங்க் இருக்கும், எதைப் போடணும்னு மெஷின் முடிவு பண்றதே நீங்க செலக்ட் பண்ற மீடியா டைப்பை வச்சுதான். காட்டன் மேட் பேப்பரை வச்சுட்டு கிளாஸின்னு செலக்ட் பண்ணா போட்டோ பிளாக் போகும், கறுப்பு வெளுத்துப்போகும். உல்டாவா கிளாஸி பேப்பர்ல மேட் பிளாக் போச்சுன்னா இங்க் ஒட்டாது, விரல் பட்டாலே இழுத்துட்டு வந்துடும்.

ரெண்டாவது, பேப்பரைத் திருப்பி வச்சிருப்பீங்க. ஒரு பக்கம் மட்டும் கோட்டிங் இருக்கிற மேட் பேப்பர்ல எது முன்பக்கம்னு பாத்த உடனே தெரியாது. ஒரு மூலையில ஈர விரலை லேசா வைங்க, லேசா ஒட்டுற பக்கம்தான் கோட்டிங் பக்கம். மூணாவது, அந்த பிளாக்ல நாசில் (இங்க் வர்ற நுண்ணிய துளை) அடைப்பு. நாசில் செக் போட்டுப் பாத்தா தெரிஞ்சுடும்.

படம் பூராவும் ஒரு மெஜந்தா சாயல், தோல் நிறம் எல்லாம் சிவந்துபோச்சு

இதைப் பாத்த உடனே சொல்லலாம், ரெண்டு இடத்துல கலர் மாத்தியிருக்கீங்க. போட்டோஷாப் பிரிண்ட் விண்டோல ‘போட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்’ குடுத்து பேப்பர் ப்ரொஃபைலும் செலக்ட் பண்ணிட்டீங்கன்னா, கலர் மாத்துற வேலை அங்கேயே முடிஞ்சுது. அதுக்கப்புறம் டிரைவர் தன் பங்குக்கு ஒருதரம் மாத்தக்கூடாது. விண்டோஸ்ல இதை நாமளேதான் ஆஃப் பண்ணணும். எப்சன் டிரைவர்ல ‘ஆஃப், நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்’னு இருக்கும், கேனான்ல மாடலைப் பொறுத்து மேட்சிங்ல ‘நன்’ இல்லன்னா ‘நோ கலர் கரெக்ஷன்’. மேக்ல பெரும்பாலும் தானாவே ஆஃப் ஆயிடும், இருந்தாலும் ஒரு தடவை உள்ள போய்ப் பாத்துடுங்க.

விண்டோஸ்ல இன்னொரு தொல்லை, முன்னாடி பிரிண்ட் பண்ண ஆள் மாத்தி வச்ச செட்டிங் அப்படியே நிக்கும். பொது மெஷின்ல வேலை பண்றோம், நாலு பேர் வந்து போற இடம், அதனால நேத்து சரியா வந்துச்சேன்னு நம்பி அடிக்காதீங்க. சரியான செட்டிங்கை பேப்பர் பேரோட ப்ரீசெட்டா சேவ் பண்ணி வச்சுட்டு ஒவ்வொரு தடவையும் அதையே எடுங்க.

ப்ரொஃபைல் விஷயத்துல ஒண்ணு தெளிவா இருக்கணும். ஒரு ஐசிசி ப்ரொஃபைல்ன்றது ஒரு பிரிண்டர், ஒரு இங்க் செட், ஒரு பேப்பர், ஒரு மீடியா டைப் செட்டிங், இந்த நாலும் சேர்ந்ததுக்கு மட்டும்தான். ஹானமூலே போட்டோ ராக் 308-க்கு எப்சன் பி900-ல போட்ட ப்ரொஃபைலை அதே பேப்பர்தானேன்னு கேனான் ப்ரோ-1000-ல போட்டா சரியா வராது. பேப்பர் கம்பெனி சைட்ல மாடல் வாரியா இலவசமாவே கிடைக்கும், கூடவே எந்த மீடியா டைப் வைக்கணும்னு எழுதியிருப்பாங்க, அதையும் படிச்சு அப்படியே வைங்க.

கலர் செத்துப்போய் வெளிறி வருது

ஸ்கிரீன்லயே கொஞ்சம் மங்கலா இருந்துச்சா? அப்போ ஃபைல்ல ப்ரொஃபைல் இல்லாம இருக்கலாம். அடோபி ஆர்ஜிபில எடிட் பண்ணிட்டு சேவ் பண்ணும்போது எம்பெட் டிக்கை (ப்ரொஃபைலை ஃபைலுக்குள்ளயே வைக்கிற டிக்) எடுத்துட்டா, அடுத்து திறக்கிற மெஷின் அதை எஸ்ஆர்ஜிபின்னு, அதாவது அதைவிடக் கலர் எல்லை சின்னதா இருக்கிற ப்ரொஃபைல்னு நினைச்சுக்கும், அதுல கலர் வெளிறிடும். இந்த இடத்துல ‘அசைன் ப்ரொஃபைல்’தான் பண்ணணும், ‘கன்வர்ட்’ பண்ணக்கூடாது. அசைன் பண்ணா நம்பர் மாறாது, அதுக்கு என்ன அர்த்தம்னு மட்டும் சொல்றோம். சரியான ப்ரொஃபைலை அசைன் பண்ண உடனே படம் உயிர் வந்த மாதிரி ஆயிடும். கலர் செட்டிங்ஸ்ல ‘மிஸ்ஸிங் ப்ரொஃபைல்’ இருந்தா கேளுன்னு டிக் பண்ணி வச்சுட்டீங்கன்னா ஃபைலைத் திறக்கும்போதே மாட்டிக்கும்.

இன்னொரு காரணம் சிஎம்ஒய்கே, அதாவது ஆஃப்செட்டோட நாலு இங்க் கலர் முறை. சிவகாசி ஆஃப்செட்டுக்கோ பத்திரிகைக்கோ ஃபைல் குடுத்துப் பழகினவங்க பிரிண்ட்னாலே சிஎம்ஒய்கேன்னு மாத்திடுவாங்க. இங்க அது வேண்டாம். இந்த இங்க்ஜெட் மெஷின் எல்லாம் 8, 10, 12 இங்க் போடுற மெஷின், லைட் சியான், லைட் மெஜந்தா, கிரே, சில மாடல்ல ஆரஞ்சு, பச்சை, வயலட் கூட இருக்கும், ஆனா டிரைவர் எதிர்பார்க்கிறது ஆர்ஜிபி ஃபைலைத்தான், அதை எந்த இங்க்ல எவ்வளவுன்னு பிரிக்கிறது அதோட வேலை. நீங்க முன்னாடியே ஆஃப்செட் சிஎம்ஒய்கேக்குள்ள அமுக்கிட்டா மயில் நீலம், இளம்பச்சை எல்லாம் அங்கேயே போயிடும், திரும்ப ஆர்ஜிபிக்கு மாத்தினாலும் வராது. ஒரிஜினல் ஃபைலுக்குப் போறதுதான் வழி.

பூ, குங்குமம், பட்டுப்புடவை எல்லாம் ஒரே கலர் திட்டா அப்பிப்போச்சு

நம்ம ஊர்ல எடுக்கிற படங்கள்ல இது ரொம்ப வரும், அதனால இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன். பூக்கடையில சாமந்திக் குவியலை கிட்டக்க எடுத்த படம்னு வச்சுக்கோங்க. கேமரா பின்னாடி ஸ்கிரீன்ல ஒவ்வொரு இதழும் தெரிஞ்சிருக்கும். பிரிண்ட்ல பாத்தா ஆரஞ்சு பெயின்டைக் கொட்டின மாதிரி ஒரே திட்டு, இதழ் விளிம்பே இல்ல. போட்டோஷாப்ல இன்ஃபோ பேனலைத் திறந்து கர்சரை அந்த ஆரஞ்சு மேல ஓட்டிப் பாருங்க. ரெட் 255, 255, 255-னு நகராம நிக்கும், ப்ளூ 0-லயே கிடக்கும், க்ரீன் மட்டும் ஏறி இறங்கும். மூணு சேனல்ல ரெண்டு செத்துப்போச்சு, மிச்சம் இருக்கிற ஒண்ணை வச்சு மெஷின் எப்படி இதழைக் காட்டும்?

நல்ல விஷயம் என்னன்னா, நிறைய நேரம் கேமரா சென்சார்ல அந்த டீடெய்ல் உயிரோடதான் இருக்கும். ரா ஃபைலை (கேமரா பதிவு பண்ண மூல ஃபைலை) எஸ்ஆர்ஜிபியா எக்ஸ்போர்ட் பண்ணதுலதான் வெட்டுப்பட்டிருக்கும். அடோபி ஆர்ஜிபிக்கு மாத்தினா சரியாயிடும்னு சொல்வாங்க, அது பச்சை, சியான் பக்கம்தான் பெருசு, சிவப்பு முனை எஸ்ஆர்ஜிபிக்கு எங்க இருக்கோ அங்கேயேதான் இதுக்கும். ஆரஞ்சுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும், குங்குமச் சிவப்புக்கு ஒண்ணும் பெருசா கிடைக்காது. அதனால ராவுக்குப் போய் இன்னும் பெரிய ப்ரோஃபோட்டோ ஆர்ஜிபி, 16 பிட் டிஃப்னு எக்ஸ்போர்ட் பண்ணுங்க, இன்ஃபோ பேனல்ல ரெட் சேனல் மறுபடி ஏறி இறங்கறதைப் பாப்பீங்க.

அடுத்து சாஃப்ட் ப்ரூஃப், அதாவது பேப்பர்ல எப்படி வரும்னு ஸ்கிரீன்லயே பாக்குறது. வியூ மெனுல ப்ரூஃப் செட்டப், கஸ்டம் போய் உங்க பேப்பர் ப்ரொஃபைலை வைங்க, கேமட் வார்னிங்கை ஆன் பண்ணுங்க. அந்தப் பேப்பர்ல வராத கலர் எல்லாம் சாம்பலா மாறிக் காட்டும். உடனே மொத்தப் படத்தோட சாச்சுரேஷனையும் குறைக்காதீங்க, பின்னாடி இருக்கிற வாழை இலையும் கடைக்காரம்மா முகமும் சேர்ந்து செத்துடும். ஹ்யூ சாச்சுரேஷன்ல ரெட்ஸ், யெல்லோஸ் மட்டும் எடுத்து 10, 15 குறைங்க, மிச்சம் சாம்பல் கொஞ்சம் இருந்தாலும் பரவால்ல, அதை ரெண்டரிங் இன்டென்ட் (பேப்பர்ல வராத கலரை எப்படி உள்ள கொண்டுவரணும்ன்ற செட்டிங்) பாத்துக்கும். பெர்செப்சுவல், ரிலேட்டிவ் ரெண்டையும் மாத்தி மாத்திப் பாருங்க. பெர்செப்சுவல் எல்லாக் கலரையும் கொஞ்சம் சுருக்கி உள்ள கொண்டுவரும், அதனால இதழுக்கு இதழ் வித்தியாசம் நிக்கும். ரிலேட்டிவ் உள்ள இருக்கிற கலரை அப்படியே விட்டுட்டு வெளிய இருக்கிறதை மட்டும் விளிம்புல கொண்டுவந்து ஒட்டும். பூக்குவியலுக்கு எனக்கு எப்பவும் பெர்செப்சுவல்தான் பிடிச்சிருக்கு, முகம் பெருசா இருக்கிற படத்துக்கு ரிலேட்டிவ். கடைசியா அந்த ஆரஞ்சு பகுதிக்கு மட்டும் மாஸ்க் போட்டு கர்வ்ஸ்ல கொஞ்சம் கான்ட்ராஸ்ட் ஏத்துங்க. கலரை விட்டுக்குடுத்தாலும் வெளிச்சம் நிழல் வித்தியாசத்தை விட்டுக்குடுக்காதீங்க, கண்ணு இதழைக் கண்டுபிடிக்கிறது அதை வச்சுதான்.

பட்டுப்புடவை மாதிரி பளபளப்பு முக்கியம்னா மேட்டை விட்டுட்டு பரைட்டா பேப்பருக்குப் போறதையும் யோசிங்க. அரக்கு நிறத்துல இருக்கிற ஆழம் மேட் பேப்பர்ல அந்த அளவுக்கு வராது, எவ்வளவு எடிட் பண்ணாலும்.

கட்டம் கட்டமா, கலங்கலா வருது

ஃபைல் எப்படி வந்துச்சுன்னு முதல்ல கேளுங்க. வாட்ஸ்அப்ல சாதாரண போட்டோவா அனுப்பினா நீளப் பக்கம் 1600 பிக்சல் வாக்குல சுருங்கிடும். ஏ3 பேப்பரோட நீளம் 16.5 இன்ச், வகுத்துப் பாத்தா இன்ச்சுக்கு 97 பிக்சல். இதுல என்ன பண்ணாலும் ஒப்பேத்துறதுதான். டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க, இல்ல பென்டிரைவ்.

இமேஜ் சைஸ் விண்டோல ‘ரீசாம்பிள்’ டிக்கை எடுத்துட்டு, வேணும்ன்ற இன்ச்சை டைப் பண்ணா ரெசல்யூஷன் எவ்வளவுன்னு அதுவே காட்டும். 6000-க்கு 4000 ஃபைல் 20 இன்ச்சுக்கு 300 வரும், நல்லாவே இருக்கும். 25 இன்ச்சுக்கு 240, அதுவும் ஓகே. சுவத்துல மாட்டித் தள்ளி நின்னு பாக்குற பெரிய பிரிண்டுக்கு 180 இருந்தாலே நான் ஒத்துக்குவேன். சிலர் ஃபைல் 72-னு காட்டுதேன்னு பயந்து ரீசாம்பிள் டிக்கோட 300-னு அடிச்சுடுவாங்க, 6000 பிக்சல் 25000 பிக்சலா வீங்கும், 16 பிட்ல ஃபைல் ரெண்டரை ஜிபி ஆகும், கம்ப்யூட்டர் நின்னுடும், டீடெய்ல் ஒரு துளி கூட ஏறியிருக்காது. 72-ன்றது வெறும் குறிப்பு, பிக்சல் எண்ணிக்கைதான் கணக்கு.

நெஜமாவே பிக்சல் பத்தலன்னா ‘ப்ரிசர்வ் டீடெய்ல்ஸ் 2.0’ இல்ல ராவா இருந்தா கேமரா ராவில் இருக்கிற ‘சூப்பர் ரெசல்யூஷன்’ போடுங்க, அகலம் நீளம் ரெண்டும் ரெண்டு மடங்காகும்.

ஷார்ப்பனிங், அதாவது விளிம்பைக் கூர்மையாக்குறது, எல்லாத்துக்கும் கடைசி. பிரிண்ட் சைஸுக்கு மாத்தின பிறகு, தனி லேயர்ல, கலரைத் தொடாம வெளிச்சத்தை மட்டும் மாத்துற லுமினாசிட்டி மோட்ல. மேட் பேப்பர்ல இங்க் கொஞ்சம் பரவும்ன்றதால ஸ்கிரீன்ல லேசா ஓவரா தெரியிற அளவு வச்சாதான் பேப்பர்ல சரியா நிக்கும். விளிம்புல வெள்ளைக் கோடு வர ஆரம்பிச்சா நிறுத்திடுங்க.

வானத்துல கோடு கோடா வருது

கோடு படத்துல இருக்கா, மெஷின்ல இருக்கான்னு ஒரே பிரிண்ட்ல கண்டுபிடிக்கலாம். வானம் இருக்கிற பகுதியை மட்டும் வெட்டி, 90 டிகிரி திருப்பிப் போடுங்க. கோடும் படத்தோட சேர்ந்து திரும்பிடுச்சுன்னா ஃபைல்ல இருக்கு. படம் திரும்பியும் கோடு மட்டும் முன்ன மாதிரியே ஹெட் (இங்க் தெளிக்கிற பகுதி) ஓடுற திசையில, அதாவது பேப்பரோட குறுக்கால வருதுன்னா மெஷின்.

ஃபைல்னா, 8 பிட் ஜேபெக்கை ரொம்ப இழுத்திருப்பீங்க. ஒரு சேனலுக்கு 256 படிதான் இருக்கு, அதை கர்வ்ஸ்ல விரிச்சா படி தெரியத்தான் செய்யும். ராவுல இருந்து 16 பிட்ல திரும்ப எடிட் பண்ணுங்க. ரா இல்லன்னா 16 பிட்டுக்கு மாத்தி, வானத்துக்கு மட்டும் 1, 2 சதவீதம் நாய்ஸ் சேருங்க, கண்ணுக்குத் தெரியாது, படி உடைஞ்சுடும். மெஷின்னா நாசில் செக், விட்டுப்போன கோடு இருந்தா ஒரு தடவை கிளீனிங், திரும்ப செக். சும்மா சும்மா கிளீனிங் போட்டா இங்க் வீணாகும், வீணான இங்க் சேர்ற மெயின்டனன்ஸ் டேங்க்தான் நிறையும். நாசில் எல்லாம் சரியா இருந்தும் கோடு வந்தா ஹெட் அலைன்மென்ட், பேப்பர் ஃபீட் அட்ஜஸ்ட்மென்ட், அப்புறம் ஹை ஸ்பீடு ஆப்ஷனை ஆஃப் பண்றது, இந்த வரிசையில போங்க.

கறுப்பு வெள்ளைப் படத்துல பச்சை அடிக்குது

எப்சன்னா ‘அட்வான்ஸ்டு பி&டபிள்யூ போட்டோ’ மோட் போடுங்க, கிரே இங்க்கை அதிகமா எடுத்துக்கும், கலர் இங்க் கொஞ்சமாதான் சேரும். இந்த மோட்ல மட்டும் ‘பிரிண்டர் மேனேஜஸ் கலர்ஸ்’ வைக்கணும். அதுக்கு முன்னாடி பிரிண்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்க, சில நேரம் மட்டமான எல்இடி பல்புல மட்டும்தான் பச்சை தெரியும், வெளிய சுத்தமா இருக்கும். அப்போ குறை லைட்லதான்.

வெள்ளைப் புள்ளி, ஓரத்துல கறுப்புத் தீத்தல்

காட்டன் பேப்பர்ல தூசி மாதிரி இழை இருக்கும், அது மேல இங்க் விழுந்து அப்புறம் இழை உதிர்ந்தா வெள்ளைப் புள்ளி. மெஷின்ல வைக்கிறதுக்கு முன்னாடி மெல்லிய பிரஷ்ல ஒரு தடவை துடைச்சு விடுங்க, மெஷின்கிட்ட இருந்து தள்ளி வச்சுத் துடைங்க.

ஓரம் தீத்துச்சுன்னா பேப்பர் வளைஞ்சு ஹெட்ல இடிக்குது. சென்னை மாதிரி காத்துல ஈரம் இருக்கிற ஊர்ல பாக்கெட்டைப் பிரிச்சுப் போட்டாலே பேப்பர் வளைய ஆரம்பிக்கும். எடுத்த உடனே பாக்கெட்டை மூடுங்க, வளைஞ்ச பேப்பரைத் தட்டையா கனமான புத்தகத்துக்கு அடியில வைங்க, டிரைவர்ல பேப்பர் தடிமனையும் பிளாட்டன் கேப்பையும் (ஹெட்டுக்கும் பேப்பருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி) ஒரு படி ஏத்துங்க. இதை அலட்சியம் பண்ணாதீங்க, ஹெட் அடிபட்டா அந்த செமஸ்டருக்கே யாருக்கும் பிரிண்ட் கிடையாது.

இதுல எதுவும் பொருந்தலன்னா

ஃபுல் ஷீட் போடாதீங்க. படத்துல நிழல், தோல், அடர்ந்த கலர் இருக்கிற இடமா பாத்து 4-க்கு 6 இன்ச் ஸ்ட்ரிப் வெட்டுங்க, சுருக்காம ஃபைனல் சைஸ்லயே, அதே பேப்பர்ல போடுங்க. அரை மணி நேரம் காய விடுங்க, ஈரமா இருக்கும்போது கலர் முடிவு பண்ண முடியாது. அந்த ஸ்ட்ரிப், டெஸ்ட் படத்தோட புது பிரிண்ட், லேயர் எல்லாம் ஃபிளாட்டன் பண்ணி ப்ரொஃபைல் எம்பெட் பண்ண டிஃப், டிரைவர் செட்டிங்கோட ஸ்கிரீன்ஷாட், இவ்வளவையும் எடுத்துட்டு பிரிண்ட் ரூம்ல இருக்கிறவங்களைப் பாருங்க. பேப்பர் பேரும் அளவும் ஃபைல் பேர்லயே இருந்துச்சுன்னா அவங்க உங்களைத் திருப்பிக் கேக்க வேண்டியதே இருக்காது.